மாணவர்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள்: பல்கலைக்கழகத்தின் தரவு இதில் எவ்வளவு உதவும்?

#1 நிழல்மரம்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தின் திட்டமிடல் பிரிவில் வேலை செய்கிறேன். போன மாதம் மேலிடத்திலிருந்து மூன்று கேள்விகள் வந்தன. முதலாண்டில் சேர்ந்துவிட்டு இரண்டாம் ஆண்டுக்கு வராமல் போகிறவர்கள் எத்தனை பேர்? ஏன் போகிறார்கள்? அடுத்த ஆண்டு அதைக் குறைக்க என்ன செய்யலாம்? முதல் கேள்விக்கே இன்னும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

சேர்க்கைப் பிரிவு ஓர் எண் தருகிறது. தேர்வுப் பிரிவு வேறொன்று தருகிறது. கட்டணப் பிரிவிடம் கேட்டால் மூன்றாவதாக ஒன்று. மூவரோடும் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஒருவர் சேர்ந்தவர்களை எண்ணுகிறார், ஒருவர் தேர்வுக்குப் பதிந்தவர்களை எண்ணுகிறார், ஒருவர் பணம் கட்டியவர்களை எண்ணுகிறார்.

இதற்கிடையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தார் வந்து, யார் யார் நிற்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்றைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலிடத்துக்கு அது பிடித்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. நம் எண்களே ஒத்துப்போகாதபோது அந்தக் கருவி எதை வைத்து யாரைப் பற்றி என்ன சொல்லும்? இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

#2 பழைய பதிவேடு

தம்பி, மூன்று எண் வருகிறதே என்று கலங்க வேண்டாம். பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூன்றும் ஒத்துப்போன நாளைப் பார்த்ததே இல்லை.

முதலில் ஒரு நாளைக் குறியுங்கள். ஒவ்வொரு பருவத்திலும், சேர்க்கை அலைச்சல் ஓய்ந்தபின் வரும் ஒரு நாள். அன்று மாலை தரவுத்தளம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படி எடுத்துப் பூட்டி வையுங்கள். அதன்பின் யார் எந்த அறிக்கை கேட்டாலும் எண் அந்தப் படியிலிருந்துதான் போக வேண்டும். நேரடித் தரவுத்தளம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று எடுத்த எண்ணும் அடுத்த வாரம் எடுத்த எண்ணும் ஒத்துப்போகாது. அப்புறம் கூட்டத்தின் நேரமெல்லாம் எது சரி என்ற சண்டையிலேயே போய்விடும்.

அடுத்து, 'நின்றவர்' என்றால் யார் என்று எழுதி வையுங்கள். ஒரு பருவம் விடுப்பு எடுத்தவர், துறை மாறியவர், வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே படித்து முடித்தவர், கட்டணம் கட்டாததால் பெயர் நீக்கப்பட்டவர், இவர்கள் எல்லோரையும் ஒரே குறியீட்டில் போட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது.

யாரை எண்ணுகிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். பட்டம் முடிப்போர் விகிதத்தைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று அங்கே 1990-ல் சட்டம் வந்தது. நான்காண்டுப் படிப்பென்றால் ஆறு ஆண்டு வரை கணக்கில் எடுப்பார்கள். ஆனால் அந்தப் பின்னத்தின் பகுதியில் இருந்தவர்கள், முதன்முறையாக, முழுநேரமாகச் சேர்ந்தவர்கள் மட்டும்தான். பகுதிநேரமாகச் சேர்ந்தவர் அதில் இல்லை. வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்து இங்கே பட்டம் வாங்கியவரும் இல்லை. இங்கிருந்து போய் வேறிடத்தில் பட்டம் வாங்கியவரோ இங்கே முடிக்காதவர் கணக்கில் விழுந்தார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நிறைந்த கல்லூரிகளின் உழைப்பில் பெரும்பகுதி அந்த எண்ணில் தெரியவே இல்லை. பகுதிநேர மாணவர்களையும் மாறி வந்தவர்களையும் சேர்த்து எட்டு ஆண்டு வரை பார்க்கும் கூடுதல் கணக்கு வெகுகாலம் கழித்துத்தான் வந்தது.

#3 வழிப்போக்கன்

விலகும் மாணவர் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டுமே, அதில் காரணம் கேட்பார்கள். இரண்டாவது கேள்விக்கு அதிலேயே பதில் இருக்காதா?

#4 நிழல்மரம்

இருக்கும் என்றுதான் நானும் போய் எடுத்துப் பார்த்தேன். கட்டுக்கட்டாகப் படிவங்கள். பெரும்பாலானவற்றில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருக்கிறது. இன்னொன்று, சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போனவர்களுக்குப் படிவமே கிடையாது. அவர்கள்தான் அதிகம்.

#5 சாக்பீஸ்

கணிதம் கற்பிக்கிறேன். என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்.

பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே சதவீதத்தை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது. ஒவ்வொரு பாடமாக இறங்கிப் பாருங்கள். முதலாண்டுப் பாடங்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்துங்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தோற்றார்கள், எத்தனை பேர் நடுவில் பாடத்தைக் கைவிட்டார்கள். தோற்றவர் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கைவிட்டவர்கள் தேர்வே எழுதுவதில்லை, அதனால் தேர்ச்சி விகிதம் அழகாகத் தெரியும். சேர்ந்தவர் எண்ணிக்கையைப் பகுதியில் வைத்து, தோற்றவரையும் கைவிட்டவரையும் கூட்டித் தொகுதியில் வையுங்கள். அப்போது நாலைந்து பாடங்கள் மட்டும் தனியாகத் தலை நீட்டும். பெரும்பாலும் அதிகம் பேர் சேரும் அறிமுகப் பாடங்களாகவே இருக்கும்.

எங்கள் துறையில் அப்படிப் பார்த்தோம். ஒரே பாடம், ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். பிரிவுக்குப் பிரிவு விகிதம் மட்டும் மாறியது. முதலில் ஆசிரியர்மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். அப்புறம் கால அட்டவணையை எடுத்து ஒட்டிப் பார்த்தோம். மோசமான பிரிவுகளின் மாணவர்களுக்கு ஆய்வகம் முடிந்து இடைவெளியே இல்லாமல் கட்டிடத்தின் மறுகோடியில் கணித வகுப்பு. தினமும் முதல் பத்து நிமிடம் போய்விடுகிறது. கணக்கில் அந்தப் பத்து நிமிடத்தில்தான் அன்றைய புதுக் கருத்தே வரும். அட்டவணையை மாற்றினோம். ஆசிரியரையும் மாற்றவில்லை, மாணவரையும் மாற்றவில்லை. அடுத்த பருவத்தில் அந்தப் பிரிவுகள் மற்றவற்றோடு வந்து சேர்ந்துகொண்டன.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கருவியைப் பற்றி யோசிக்கச் சொல்வேன். அந்த மாணவர்களை அது சிவப்பில் காட்டியிருக்கும். அட்டவணையைச் சிவப்பில் காட்டியிருக்காது.

#6 எண்ணும்எழுத்தும்

தரவுப் பகுப்பாய்வு என் தொழில். அக்கா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் முன்கணிப்பை அப்படியே ஒதுக்கிவிட வேண்டாம். நன்றாகச் செய்த இடமும் உண்டு.

அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2003-ல் ஆறு ஆண்டுக்குள் பட்டம் முடித்தவர்கள் 32 சதவீதம்தான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அது 54 சதவீதம் ஆனது. பல ஆண்டுகளின் மதிப்பெண் பதிவுகளை அலசி, எந்தெந்த அடையாளம் தென்பட்டால் மாணவர் தடுமாறுகிறார் என்று 800-க்கும் மேற்பட்ட அறிகுறிகளைப் பிரித்தெடுத்தார்கள். 2012 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. ஒருவர் தன் முதன்மைப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே குறைந்த தரம் வாங்கினால் ஆலோசகருக்குத் தகவல் போய்விடும். முன்பெல்லாம் தேர்ச்சிதானே, போகட்டும் என்று விட்டிருப்பார்கள். செவிலியர் படிப்பில் சேர விரும்பியவர்களுக்கு அறிமுகக் கணிதத்தின் தரம்தான் பின்னால் நடப்பதை நன்றாகக் காட்டியதாம். வேதியியலாக இருக்கும் என்றுதான் அவர்களே நினைத்திருந்தார்கள். இந்த மாதிரி விஷயம் தரவைப் பார்க்காமல் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒன்று மட்டும் எல்லோரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணினி முறையோடு சேர்த்து 40-க்கும் மேற்பட்ட ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்கள். 700 மாணவருக்கு ஒருவர் என்று இருந்தது ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் என்று ஆனது. உங்களிடம் வந்த நிறுவனத்தார் இதைச் சொன்னார்களா, நிழல்மரம்?

#7 நிழல்மரம்

இல்லை. ஆலோசகர் என்ற பேச்சே வரவில்லை. வண்ணப் படங்கள் நிறைய இருந்தன. எங்களிடம் மாணவர் ஆலோசனைக்கு என்று இரண்டே பேர்.

#8 பழைய பதிவேடு

இரண்டு பேர் என்றால் அந்த இரண்டு பேரின் நேரம்தான் உங்கள் எல்லை. கருவியின் துல்லியம் அப்புறம்.

#9 எண்ணும்எழுத்தும்

ஐயா சொன்னதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். இவை கற்பனை எண்கள், புரிவதற்காக மட்டும்.

முதலாண்டில் 1000 பேர். அதில் உண்மையில் நிற்கப் போகிறவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நல்ல கருவி 200 பேரைக் குறித்துக் கொடுக்கிறது. அதில் 70 பேர் உண்மையிலேயே நிற்கப் போகிறவர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நூற்றில் எழுபதைப் பிடித்துவிட்டது. ஆனால் குறிக்கப்பட்ட மீதி 130 பேர் எப்படியும் தொடர்ந்து படித்திருப்பார்கள். குறிக்கப்படாத 800 பேரில் 30 பேர் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். 200 பேரோடு தலைக்கு அரை மணி நேரம் பேசினாலே 100 மணி நேரம். இரண்டு ஆலோசகர்கள் மற்ற வேலையையும் பார்த்துக்கொண்டு அதை முடிப்பதற்குள் பருவத் தேர்வு வந்துவிடும்.

அதனால் எத்தனை பேரைக் குறிக்கலாம் என்பதைக் கருவி தீர்மானிக்கக் கூடாது. உங்களால் இந்த மாதம் எத்தனை பேரோடு உட்கார்ந்து பேச முடியும் என்று முதலில் எண்ணுங்கள். பட்டியல் அந்த நீளத்தில் நிற்கட்டும். 'மொத்தத் துல்லியம் 90 சதவீதம்' என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 'ஒருவரும் நிற்க மாட்டார்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 90 சதவீதம் சரியாகிவிடும்.

#10 இரண்டாம்வருகை

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். நான் இந்தப் பட்டியலில் இருந்தவள். பாதியில் நின்று, மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்து பட்டம் முடித்தேன். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

நிற்பதற்கு முந்தைய பருவத்தில் எனக்கு ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. என் படிப்பு 'ஆபத்து நிலையில்' இருப்பதாகவும், முன்னேறாவிட்டால் தொடர்வது கடினம் என்றும் இருந்தது. கீழே யாருடைய பெயரும் இல்லை. யாரிடம் போக வேண்டும் என்றும் இல்லை. அப்போது அப்பா மருத்துவமனையில். மாலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், அதனால் வருகைப்பதிவு குறைந்தது. அந்த மின்னஞ்சலைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: 'இவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.' அடுத்த வாரமே போவதை நிறுத்திவிட்டேன்.

திரும்பி வந்தபோது நிலைமை அப்படியேதான் இருந்தது, வேலையும் இருந்தது. இந்த முறை துறை அலுவலகத்தில் ஓர் அக்கா என்னைக் கூப்பிட்டு, 'மாலை வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாமே, அப்படி ஒரு விதி இருக்கிறது தெரியுமா?' என்று கேட்டார். தெரியாது. முதல் முறையும் அந்த விதி இருந்திருக்கிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

நிழல்மரம், நீங்கள் எந்தக் கருவியை வாங்கினாலும் சரி, அதிலிருந்து மாணவருக்கு நேராக எதுவும் போக விடாதீர்கள். போவதென்றால் ஒரு மனிதரின் பெயரும் அவரைப் பார்க்கும் நேரமும் அதில் இருக்க வேண்டும்.

#11 தேன்கூடு

இரண்டாம்வருகை, இதை எழுதியதற்கு நன்றி. மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்த எண்ணத்தை, 'இவர்களே முடிவு செய்துவிட்டார்கள்' என்பதை, என் அறையில் எத்தனையோ பேர் வெவ்வேறு சொற்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சம்பவம். மேரிலாந்தில் உள்ள மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தினார்கள். அதன் பதில்களை வைத்து, தடுமாறக்கூடியவர்கள் என்று தோன்றுபவர்களில் 20, 25 பேரைத் தொடக்க வாரங்களிலேயே விலக வைத்துவிடத் திட்டம். அரசுக்கு எண்ணிக்கை அனுப்பும் நாளுக்கு முன்பே அவர்கள் போய்விட்டால், தக்கவைத்த மாணவர் விகிதம் உயர்ந்து தெரியும் அல்லவா. 2016 ஜனவரியில் மாணவர் செய்தித்தாள் இதை வெளியே கொண்டுவந்தது. அடுத்த மாத முடிவில் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

ஐயா மேலே சொன்னாரே, ஒரு நாளைக் குறித்து அன்றைய எண்ணைப் பூட்டி வைக்க வேண்டும் என்று. அது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நாள் எது என்று தெரிந்தவர் அதற்கு முன்னால் ஆட்களைக் கழித்துவிடவும் முடியும். அதனால் அந்த நாளுக்கு முன் விலகியவர்களுக்கும் தனிப் பட்டியல் வேண்டும்.

#12 சாக்பீஸ்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஒரு அளவை இலக்காக ஆக்கினால் அந்த அளவு கெட்டுவிடும் என்பது பொருளியலில் பழைய பாடம், சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-ல் சொன்னது. தேர்ச்சி விகிதத்தை உயர்த்து என்று துறைத் தலைவருக்கு உத்தரவு போட்டால் வினாத்தாள் எளிதாகிவிடும். இடைநிற்றலைக் குறை என்றால் பெயரை நீக்காமல் பட்டியலிலேயே வைத்திருப்பார்கள்.

#13 வழிப்போக்கன்

அப்படியென்றால் எந்த முறை உண்மையில் வேலை செய்தது என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? எல்லோரும் தங்கள் திட்டத்தால்தான் விகிதம் உயர்ந்தது என்கிறார்கள்.

#14 எண்ணும்எழுத்தும்

சரியான கேள்வி. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே போக்குவரத்து விளக்கு மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டும் ஒரு முறை இருந்தது. மாணவர் தன் நிலையைத் திரையில் பார்ப்பார், ஆசிரியர் செய்தி அனுப்புவார். அந்த முறை உள்ள பாடங்களை இரண்டு அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் படிப்பில் நிலைத்தார்கள் என்று அறிவித்தார்கள். பல பல்கலைக்கழகங்கள் பின்பற்ற ஆரம்பித்தன.

2013-ல் சிலர் உட்கார்ந்து யோசித்தார்கள். முதல் பருவத்திலேயே நின்றுபோனவரால் அப்படி இரண்டு பாடங்கள் எடுத்திருக்க முடியுமா? நிலைத்தவர்களுக்குத்தானே இரண்டு பாடம் எடுக்கும் வாய்ப்பே கிடைக்கிறது! அந்த முறையால் நிலைத்தார்களா, நிலைத்ததால் அந்த முறை உள்ள பாடங்கள் அவர்களுக்கு அமைந்தனவா? ஒருவர் கணினியில் போலித் தரவை உருவாக்கி, விளக்குக்குப் பதிலாக ஒன்றுமே செய்யாத ஒரு பொருளைக் கொடுத்ததாக வைத்துக் கணக்குப் போட்டார். அதிலும் அதே மாதிரி ஏற்றம் தெரிந்தது. அந்த முறை பயனற்றது என்று இதனால் நிரூபணம் ஆகிவிடவில்லை. ஆனால் பயன் தந்தது என்று அந்தக் கணக்கை வைத்துச் சொல்லவும் முடியாது.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஆட்கள் போதாததால் எப்படியும் எல்லோரையும் அழைக்க முடியாது. பட்டியலில் ஒரே நிலையில் உள்ளவர்களில் முதலில் யாரை அழைப்பது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். பருவ முடிவில் அழைக்கப்பட்டவர்களையும், முறை வராமல் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டால் அழைப்பால் என்ன கிடைத்தது என்று நேர்மையாகத் தெரியும்.

#15 தேன்கூடு

குலுக்கல் என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவசரத்தில் இருப்பவர் என்று கண்ணுக்குத் தெரிந்தபின் அவரைக் காத்திருக்க வைக்க முடியாது.

#16 எண்ணும்எழுத்தும்

ஒப்புக்கொள்கிறேன். அவசரம் என்று தெரிந்தவர்களைக் குலுக்கலில் சேர்க்கவே வேண்டாம், அவர்களை உடனே அழையுங்கள். நடுவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் நான் சொன்னது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கருவிக்குள் எந்த விவரங்கள் போகின்றன என்று கட்டாயம் கேளுங்கள். 2021-ல் அமெரிக்காவில் ஒரு செய்தி நிறுவனம் விசாரித்தபோது, பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் முன்கணிப்பு மென்பொருளில் மாணவரின் இனமே ஒரு முக்கியக் காரணியாக இருந்தது தெரியவந்தது. கறுப்பின மாணவர்கள் வெள்ளை மாணவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக 'அதிக ஆபத்து' என்று குறிக்கப்பட்டார்கள். இனத்தையோ குடும்ப வருமானத்தையோ ஆலோசகரால் மாற்ற முடியுமா? மாற்றக்கூடியதை வைத்துப் பட்டியல் போடுங்கள்: இந்தப் பாடத்தின் முதல் தேர்வு, வராத வகுப்புகள், கட்டாத கட்டணம், அடுத்த பருவத்துக்கு இன்னும் பதியாதது. நேரடியாக இனத்தை எடுத்துவிட்டாலும் முகவரி, படித்த பள்ளி வழியாக அது உள்ளே வந்துவிடும், அதையும் சோதிக்க வேண்டும்.

#17 பழைய பதிவேடு

கட்டாத கட்டணம் என்றதும் ஞாபகம் வந்தது. ஜார்ஜியா ஸ்டேட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 800 அறிகுறிகள் இல்லை. ஒவ்வொரு பருவமும் கட்டணம் பாக்கி என்று நூற்றுக்கணக்கானவர்களின் பெயரை நீக்குவது அங்கே வழக்கமாக இருந்தது. அந்தப் பட்டியலை யாரோ எடுத்து, ஒவ்வொருவரும் எவ்வளவு பாக்கி, எந்த ஆண்டில் படிக்கிறார் என்று பக்கத்தில் எழுதிப் பார்த்தார்கள். சில நூறு டாலருக்காகக் கடைசி ஆண்டில் வெளியே போகிறவர்கள் அதில் இருந்தார்கள். 2011 முதல் சிறு தொகை உதவி ஒன்றைத் தொடங்கினார்கள். மாணவர் விண்ணப்பிக்கத் தேவையில்லை. பல்கலைக்கழகமே கணக்கைப் பார்த்து, தகுதி உள்ளவரை அழைத்துச் சொல்லும். சராசரியாக ஒருவருக்கு 900 டாலர் அளவுதான். உதவி பெற்ற கடைசி ஆண்டு மாணவர்களில் பெரும்பாலானோர் அடுத்த இரண்டு பருவங்களுக்குள் பட்டம் முடித்துவிட்டார்கள்.

இதற்கு முன்கணிப்பு வேண்டாம், எந்தக் கருவியும் வேண்டாம். கட்டணப் பிரிவின் பட்டியலையும் தேர்வுப் பிரிவின் பட்டியலையும் ஒரே எக்செல் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். தம்பி, உங்கள் மூன்று எண்கள் ஒத்துப்போகாத அந்த இடைவெளிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராகப் பாருங்களேன். சேர்க்கையில் இருந்து கட்டணத்தில் இல்லாதவர் யார், கட்டணம் கட்டிவிட்டுத் தேர்வுக்குப் பதியாதவர் யார்.

#18 நிழல்மரம்

ஐயா, இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். அந்த வித்தியாசத்தைப் பிழை என்று நினைத்து நீக்கத்தான் இவ்வளவு நாளும் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

#19 சாக்பீஸ்

திட்டமிடல் பிரிவில் இருப்பவர் என்பதால் இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பாடங்களின் சங்கிலியை வரைந்து பாருங்கள். இந்தப் பாடம் முடித்தால்தான் அது, அது முடித்தால்தான் அடுத்தது என்று போகுமே, அந்தச் சங்கிலி. ஒரு பட்டப்படிப்பில் ஐந்து பாடங்கள் வரிசையாகத் தொங்கும். அதில் ஒன்று ஆண்டுக்கு ஒரு முறைதான் நடத்தப்படும். முதல் பாடத்தில் ஒருவர் தோற்றால் பருவம் ஒன்றுதானே போயிற்று என்று நினைப்போம். உண்மையில் ஓர் ஆண்டு போய்விடும், ஏனென்றால் அடுத்த கண்ணி அடுத்த ஆண்டில்தான் திறக்கும். நிதி உதவி அதற்குள் முடிந்திருக்கும்.

அதேபோல் இடங்களின் எண்ணிக்கை. கட்டாயப் பாடம் ஒன்றில் போன ஆண்டு எத்தனை பேர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் அந்தப் பட்டியலைப் பருவம் தொடங்கியதும் அழித்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் பூட்டி வைக்க வேண்டும். இடம் கிடைக்காமல் பாடத்தைத் தள்ளிப்போட்டவர் தரவில் 'மெதுவாகப் படிக்கும் மாணவர்' என்று தெரிவார். அடுத்த ஆண்டு எத்தனை பேர் அந்தப் பாடத்துக்கு வருவார்கள் என்பதைப் போன சில ஆண்டுகளில் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு எத்தனை பேர் போனார்கள் என்ற விகிதத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். தோற்றுத் திரும்ப எடுப்பவர்களையும் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். பிரிவுகளும் அறைகளும் ஆசிரியர்களும் அதற்கேற்ப அமைந்தால், யாரையும் ஆபத்து என்று குறிக்காமலேயே பலர் தாமாக முடித்துவிடுவார்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது, ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

#20 எண்ணும்எழுத்தும்

அக்காவுக்குத் துணையாக ஒரு பழைய கதை. துறைகளை ஒப்பிடும்போது உதவும். அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1973-ல் உயர் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கும், பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பாகுபாடு என்றுதான் யாருக்கும் தோன்றும். துறை துறையாகப் பிரித்துப் பார்த்தபோது அப்படிப்பட்ட சாய்வு பெரும்பாலான துறைகளில் காணவில்லை, மொத்தத்தில் பெண்கள் பக்கமே சிறிது சாய்வு இருந்தது. இடம் கிடைப்பது மிகக் கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள், அவ்வளவுதான். 1975-ல் இந்த ஆய்வு வெளியானது. அந்தத் துறைகளுக்கு ஏன் பெண்கள் போனார்கள், அங்கே ஏன் இடம் குறைவு என்பது வேறு கேள்வி, அதையும் கேட்கத்தான் வேண்டும். மொத்த எண் அந்தக் கேள்வி வரைக்கும் நம்மைக் கொண்டுபோகாது.

#21 தேன்கூடு

பெர்க்லி என்றதும் கணிதக் கல்வியாளர் யூரி ட்ரைஸ்மன் நினைவுக்கு வந்தார். 1970-களில் அங்கே நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் அதிகம் தோற்றார்கள். ஆசிரியர்களிடம் கேட்டால் ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது, குடும்ப ஆதரவு இல்லை, பணம் இல்லை என்று காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன அமெரிக்க மாணவர்கள் 20 பேர் கூடவே இருந்து, அவர்கள் படிக்கும் விதத்தைப் பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன எந்தக் காரணமும் நிற்கவில்லை. சீன அமெரிக்க மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை ஒருவர் சரிபார்த்தார்கள். கறுப்பின மாணவர்கள் ஆசிரியர் சொன்ன நேரத்துக்குக் குறையாமல் படித்தார்கள், ஆனால் தனியாக. கடினமான கணக்குகளைச் சேர்ந்து போடும் பட்டறைகளை அவர் தொடங்கிய பிறகு முடிவுகள் பெரிதும் மாறின.

தோற்றவர் எண்ணிக்கை எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டியது. அங்கே போய் உட்கார்ந்து பார்த்தபின்தான் காரணம் தெரிந்தது.

#22 இரண்டாம்வருகை

தரவை யார் யார் பார்க்கலாம் என்பதையும் யாராவது சொல்லுங்கள். என் பாடத்தின் ஆசிரியருக்கு என் அப்பாவின் மருத்துவமனை விஷயம் தெரிந்திருக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

#23 பழைய பதிவேடு

தெரிய வேண்டியதில்லை அம்மா. யாருக்கு எது தேவை என்று எழுதி வைத்து, அதற்கு மேல் திறக்கக் கூடாது. ஆசிரியருக்குத் தன் வகுப்பின் வருகையும் மதிப்பெண்ணும் போதும். ஆலோசகரிடம் நீங்களே நம்பிச் சொன்னது ஆலோசகரோடு நிற்க வேண்டும், எந்தக் கணிப்புக்கும் உள்ளே போகக் கூடாது. வெளியிடும் அறிக்கையில் மிகச் சிறிய குழுக்களின் எண்ணை மறைத்துவிட வேண்டும். ஒரு துறையில் இரண்டு பேர் மட்டும் தோற்றார்கள் என்று போட்டால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2014-ல் இதற்கென ஒரு நெறிமுறை வகுத்தது. கண்ணுக்குத் தெரியும் தரவையும், அதற்கு நாம் சொல்லும் விளக்கத்தையும் மட்டும் வைத்து ஒரு மாணவரை முழுமையாக வரையறுத்துவிடக் கூடாது என்பது அதில் ஒரு கோட்பாடு. என்னென்ன சேகரிக்கிறோம், எதற்கு என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும் உண்டு. ஒரு பக்க அறிவிப்பாக, எளிய மொழியில் எழுதி முதல் நாளே கொடுக்கலாம்.

#24 நிழல்மரம்

பத்து நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், வேலை இழுத்துவிட்டது.

கருவி வாங்குவது இப்போதைக்குத் தள்ளிப்போயிருக்கிறது. மேலிடத்தில் இந்தக் கேள்வி ஒன்றைத்தான் வைத்தேன்: பட்டியல் வந்தால் அழைப்பவர் யார்? அதற்குப் பதில் இல்லாததால் ஆலோசனைப் பிரிவுக்கு இன்னும் இரண்டு பேரைக் கேட்டு எழுதியிருக்கிறோம். கிடைக்குமா தெரியாது.

மூன்று பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் உட்கார்ந்தோம். கட்டணம் கட்டிவிட்டு அடுத்த பருவத்துக்குப் பதியாமல் ஒரு கூட்டமே இருந்தது. துறைவாரியாகப் பார்த்தால் பாதிப் பேர் ஒரே துறை. அங்கே போய்க் கேட்டபோது, ஒரு கட்டாயப் பாடத்தில் இடம் நிரம்பியதும் பதிவுப் பக்கம் மற்ற பாடங்களையும் சேர்த்து மூடிவிடுகிறது என்று தெரிந்தது. மாணவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போயிருக்கிறார்கள், கடைசித் தேதி கடந்துவிட்டது. பதிவை ஒரு வாரம் திறந்துவிட அனுமதி வாங்கியாயிற்று. கூடுதல் பிரிவு ஒன்றுக்கு ஆசிரியர் தேடுகிறோம்.

கட்டணம் பாக்கியால் பெயர் நீங்கியவர்களில் கடைசி ஆண்டு மாணவர்களைத் தனியாக எடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை முதல் ஆலோசகர்கள் இருவரும் நானும் சேர்ந்து அழைக்கத் தொடங்குகிறோம். என்ன பேசுவது என்று எழுதி வைத்திருக்கிறோம். தேன்கூடு, அதை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

#25 தேன்கூடு

அனுப்புங்கள். 'ஏன் கட்டவில்லை' என்று தொடங்காதீர்கள். 'உங்கள் இடம் இன்னும் இருக்கிறது' என்பது முதல் வரியாக இருக்கட்டும்.

#26 இரண்டாம்வருகை

அழைப்பதற்கு முந்தைய நாள், யார் எந்த எண்ணிலிருந்து எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று ஒரு சிறு செய்தி அனுப்பிவிடுங்கள். பாக்கி வைத்திருக்கும்போது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நான் எடுத்திருக்க மாட்டேன். மாலை ஆறு மணிக்குப் பிறகு என்றால் இன்னும் நல்லது, வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் பேச முடியும்.